தவிட்டுமேடு, மழைக்குப் பின்

ஞானப்பிரகாசம் கடைசியாகப் பேசியது ஒரு குடைக் கம்பியைப் பற்றி.

"புதுசு வாங்கிடாதே, சுகிர்தா. ஒரு கம்பிதான் கழண்டிருக்கு. மார்க்கெட் படிக்கட்டுல உட்கார்ந்திருக்காரே, அவர்கிட்ட குடுத்தா அஞ்சு நிமிஷத்துல மாட்டிக் குடுத்துடுவார்."

"அஞ்சு நிமிஷம்னு நீங்கதான் சொல்றீங்க. அவர் டீ குடிச்சுட்டு வரவே அரை மணி ஆகும்."

"ஆகட்டுமே. நீயும் ஒரு டீ குடி."

ஜன்னலோரம் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். பழைய படத்தின் முதுகிலிருந்து ஒட்டுத்தாளைப் பிரிக்கிற அதே நிதானம். ஒரு நார்கூடப் பாதியில் அறாது. சுகிர்தா செருப்பை மாட்டியபோது தலை நிமிராமலே கையை மட்டும் அசைத்தார். அவள் ஒன்பது பத்து பஸ்ஸில் கோத்தகிரிக்குப் போனாள். குடைக்காரர் டீ குடிக்கத்தான் போயிருந்தார். அவள் படிக்கட்டிலேயே காத்திருந்தாள். பத்தே முக்காலுக்குத் தவிட்டுமேட்டுச் சரிவு மொத்தமாகக் கீழே இறங்கியது.

எஸ்டேட்டின் கீழ் லைனில் மூன்று வரிசை வீடுகள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பலரும் வீட்டில் இருந்தார்கள். முப்பத்து நான்கு பேர். பத்தொன்பது உடல்களை எடுத்தார்கள். பிறகு மழை வலுத்தது, மண் மறுபடி நகர ஆரம்பித்தது, தேடுவதை நிறுத்திவிட்டார்கள். எடுக்காத பதினைந்து பேரில் ஞானப்பிரகாசமும் ஒருவர்.

கணவன் மனைவி இருவருக்கும் கோத்தகிரியில் ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் வேலை. பழுதான படங்களையும் வரைபடங்களையும் அவர் செப்பனிடுவார். எதிர் மேசையில் உட்கார்ந்து அவள் அவற்றுக்கு விவர அட்டை எழுதுவாள். அவருடைய அம்மா கொழுந்து பறித்த எஸ்டேட் அது. அம்மா போன பிறகும் லைன் வீட்டை விட மனம் வரவில்லை. லைனில் அவருக்குப் 'பட டாக்டர்' என்று பெயர். அவளுக்கு 'ஆபீசம்மா'.

பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்தது எல்லாம் வீட்டோடு போயிற்று. சரிசெய்து வந்த குடை மட்டும் மிச்சம். அதையும் அவள் நிவாரண முகாமில் யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

*

எட்டு மாதம் கழித்து விசாரணை ஆணையம் கூடியபோது கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கியிருந்தது. தவிட்டுமேட்டுச் சரிவில் தேயிலை வைப்பதற்கு முன் ஓடை இருந்ததா, இல்லையா?

எஸ்டேட் கம்பெனி இல்லை என்றது. தேயிலை நட்ட காலத்து வரைபடத்தில் ஓடை கிடையாது. எனவே இது யாரும் எதிர்பார்க்க முடியாத இயற்கைச் சீற்றம். எனவே தப்பித்தவர்களுக்கு அதே சரிவில் இன்னும் கொஞ்சம் கீழே, கீழ்த்தட்டில், புது வீடு கட்டித் தருகிறோம் என்றது. அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். ஓடையை மூடித்தான் தேயிலை வைத்தார்கள், மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் இன்றைக்கும் மண்ணுக்கடியில் பழைய வழியைத் தேடுகிறது, கீழ்த்தட்டும் அதே வழியில்தான் இருக்கிறது என்பது தப்பித்தவர்களின் வாதம். மண் எல்லாம் புரண்டு கிடந்ததால் தோண்டிப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை. நாற்பத்தொரு குடும்பங்கள் எங்கே படுத்துத் தூங்குவது என்பது இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு காலைப் பொழுதைப் பொறுத்திருந்தது.

அந்தக் காலைப் பொழுது காப்பகத்தில் இருந்தது. 1824இல் எட்மண்ட் ஃபேர்லி என்ற நில அளவைப் படை அதிகாரி வரைந்த நீர்வண்ணப் படம். 'தவிட்டுமேடு, மழைக்குப் பின்' என்று அடியில் எழுதியிருந்தார். அந்தக் காலத்துப் படக்காரர்கள் ஆசைப்பட்ட எல்லாம் அதில் உண்டு: மூடுபனியைக் கிழித்துக்கொண்டு வரும் வெயில், முன்னால் இடி விழுந்து முறிந்த மரம், இரண்டு எருமைகள், கம்பளி போர்த்திக்கொண்டு மலையை அண்ணாந்து பார்க்கிற ஓர் ஆள், அவன் தலை கடுகளவு. சரிவின் நடுவே மேலிருந்து கீழாக, வளைந்து வளைந்து, ஒரு நீல ஓடை.

முதல் அமர்விலேயே கம்பெனி வக்கீல் அதை ஊதித் தள்ளிவிட்டார்.

"ஐயா, இவங்க கண்ணால பார்த்ததை வரையலை. மனசுக்குப் பிடிச்சதை வரைஞ்சாங்க. படம் எடுப்பா இருக்கணும்னு மலையையே ரெண்டு விரல் தூக்குவாங்க, இல்லாத மரத்தை நடுவாங்க. ஒரு ஓடையை விடுறதுக்கு என்ன கஷ்டம்? அது ஃபேர்லி துரை வீட்டுக்குப் போய், சீமையில உட்கார்ந்து விட்ட ஓடை."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. ஆனால் வக்கீல் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் படத்தில் காய்ந்த தண்ணீரின் தடத்தைப் படிக்கும் நீர்வாசிப்புக்கு உத்தரவிட்டார்.

*

இயந்திரத்தோடு சென்னையிலிருந்து வந்தவள் ரிஸ்வானா. முப்பத்தைந்து வயது இருக்கும். மலை ஏறிய வாந்தி இன்னும் அடங்காத முகம். ஒரு தையல் மிஷின் அளவுதான் இருந்தது அந்தக் கருவி. படத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மெல்ல ஊர்ந்தது.

"இது நிறத்தைப் பார்க்காது மேடம். நிறத்தைப் பார்க்கணும்னா சுரண்டணும், அதுக்கு அனுமதி இல்லை. இது தண்ணியை மட்டும்தான் பார்க்கும்."

"தண்ணிதான் இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே காஞ்சு போச்சே?" என்றாள் சுகிர்தா.

"காஞ்சா முழுசா போயிடுமா? உங்க வீட்டுக் குழாய்த் தண்ணியைத் தட்டுல ஊத்திக் காய வைங்க, வெள்ளையா ஒரு தடம் நிக்கும். அதுல கரைஞ்ச சுண்ணாம்பு, இரும்பு, உப்பு எல்லாம் காகித நாருக்குள்ளேயே தங்கிடும். ஒவ்வொரு ஊத்துக்கும் ஒரு சேர்மானம். எந்தப் பிரஷ் தீத்தலை எந்தத் தண்ணியில போட்டான், எது முதல்ல காஞ்சது, எது அப்புறம் காஞ்சது, எல்லாம் வந்துடும். மலையில உட்கார்ந்து போட்டிருந்தா மலைத் தண்ணி. ஊருக்குப் போய்ப் போட்டிருந்தா அந்த ஊர்த் தண்ணி."

"பொய் சொன்னா மாட்டிக்குவார்ங்கிறீங்க."

"வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லும். டம்ளர்ல இருக்கிற தண்ணி என்ன பண்ணும், பாவம்?"

சரிவுக்கு மேலே, மண் நகராத இடத்தில், பழைய ஊற்று இன்னும் இருந்தது. அதிலிருந்து மாதிரிக்கு ஒரு குப்பித் தண்ணீர் எடுத்து வந்திருந்தாள். திரையில் அந்தத் தண்ணீருக்குப் பச்சை நிறம் கொடுத்தாள். மற்றதெல்லாம் சாம்பல்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் படம் திரையில் வந்தது. வானம் பச்சை. மலை பச்சை. சரிவு முழுவதும் பச்சை. முறிந்த மரம் சாம்பல், எருமைகள் சாம்பல், கம்பளி ஆளும் சாம்பல்.

"பார்த்தீங்களா திருடனை!" ரிஸ்வானா கைகொட்டிச் சிரித்தாள். "வக்கீல் சொன்னது பாதி சரி. மரம், மாடு, மனுஷன் எல்லாம் ஊருக்குப் போய்ச் சேர்த்தது. ஆனா ஓடையைப் பாருங்க."

ஓடை பச்சையாக இருந்தது. சுத்தமான, அழுத்தமான பச்சை.

"இங்கேயே உட்கார்ந்து, இந்த ஊத்துத் தண்ணியிலேயே போட்டிருக்கான். முடிஞ்சது கேஸு." பிறகு திரையைப் பெரிதாக்கி, "இன்னொரு வேடிக்கை. ஓடையில மட்டும் எச்சில் இருக்கு. பிரஷ்ஷை உதட்டுல வச்சு முனை கூட்டியிருக்கான் துரை. வேற எங்கேயும் அப்படிச் செய்யலை" என்றாள்.

சுகிர்தா திரைக்கு அருகே குனிந்தாள்.

பிரஷ்ஷை உதட்டில் வைத்து முனை கூட்டுகிற ஒருவரை அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் எதிர் மேசையிலிருந்து அவள் திட்டிய பழக்கம் அது.

*

அன்று நாலு மணிக்கு முகாமுக்குப் போனபோது சேதி அவளுக்கு முன்னாலேயே போயிருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் மூக்கையா நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். டீ ஃபேக்டரியில் இலை உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். சரிவு இறங்கிய நேரத்தில் ஷிஃப்டில் இருந்தார். மருமகளும் நாலு வயதுப் பேரனும் வீட்டில் இருந்தார்கள்.

"ஓடை கிடைச்சுடுச்சாமே ஆபீசம்மா!"

"யார் சொன்னா?"

"மிஷின் கொண்டாந்த வேன் டிரைவர் பய. ஊரெல்லாம் சொல்லிட்டான். நம்ம பட டாக்டர் இருந்திருந்தா இன்னைக்கு லைனுக்கே மிட்டாய் வாங்கிக் குடுத்திருப்பாரு. கை நடுங்காத மனுசன். போன தடவை என் குடும்ப அட்டை கிழிஞ்சதைக்கூட ஒட்டிக் குடுத்தாரே, ஒட்டுனது எங்கேன்னே தெரியலை. கடைக்காரன் 'டூப்ளிகேட்டா'ன்னு கேட்டான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எட்டு மாதத்தில் அந்த வராந்தாவில் அவள் கேட்ட முதல் சிரிப்பு. ஒருத்தி டீ கொண்டுவந்து கையில் திணித்தாள். சுகிர்தா அதைக் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குத் திரும்பி, அந்த வியாழக்கிழமைச் சாப்பாட்டை நினைத்துப் பார்த்தாள். மண் சரிவதற்கு மூன்று நாள் முன்பு. ரசத்தைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்:

"சுகிர்தா, நம்ம அடுப்படிக்குள்ள ஒரு ஓடை ஓடுது, தெரியுமா?"

"கூரை ஒழுகுதுன்னு நேரா சொல்லுங்களேன்."

"கூரை இல்லடி. படத்துல. ஃபேர்லி துரை நம்ம வரிசைக்கு நட்ட நடுவுல ஓடையை விட்டிருக்கார். பூச்சி தின்னு வறண்டு கிடந்துச்சு. இன்னைக்குத் தண்ணி விட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு. இனிமே துணி துவைக்கக் குழாயடி வரைக்கும் நடக்க வேண்டாம்."

இருவரும் சிரித்தார்கள். வெளியே மழை பிடித்து நாலாவது நாள்.

*

மறுநாள் காலை ரிஸ்வானா அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது சுகிர்தா எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த ஓடை ஃபேர்லி போட்டது இல்லை. என் வீட்டுக்காரர் போட்டது."

ரிஸ்வானாவின் விரல்கள் நின்றன.

"வெள்ளிப்பூச்சி மேய்ஞ்ச இடத்தை நிரப்பினார். செய்த வேலையை எல்லாம் ஒரு நோட்டுல எழுதுவார். திங்கட்கிழமை ஆபீஸ்ல குடுக்க வேண்டியது. நோட்டு வீட்டுல இருந்துச்சு."

"ஆனா தண்ணி? நிரப்புறதுக்கு ஒரு உப்பும் இல்லாத வடிநீர்தானே போடணும்?"

"போடணும். அந்த வாரம் கேன் வரலை. லைன் குழாய்க்கும் அந்த ஊத்துத் தண்ணிதான். பாட்டில்ல கொண்டு வந்தார். துரை எந்தத் தண்ணியில போட்டாரோ அதே தண்ணியிலதான் நானும் போடுறேன்னு அவருக்கு ஒரு சந்தோஷம்."

ரிஸ்வானா கீபோர்டைத் தள்ளி வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"மேடம், இது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நாளைக்கு அமர்வு. நாற்பத்தொரு குடும்பம்."

"அதனாலதான் சொல்றேன். அந்த வக்கீல் எச்சில்னு படிச்சதும் விடமாட்டார். யாரோட எச்சில்னு கேட்பார். அப்புறம் ஓடையும் போகும், நாம சொன்ன மத்ததும் போகும்." சற்று நிறுத்தி, "அவர் கேட்காட்டாலும் எனக்கு முடியாது" என்றாள்.

"அப்ப அடியில துரை போட்டது ஏதாவது மிச்சம் இருக்கணும். அதைப் பார்க்கணும்னா மேல இருக்கிறதை..." ரிஸ்வானா முடிக்கவில்லை.

"கழுவணும்."

"கழுவினா போகுமா?"

"போற மாதிரிதான் போட்டிருப்பார். நாம சேர்க்கிறது எப்பவும் திரும்ப எடுக்க முடியிறதா இருக்கணும்னு சொல்லுவார். அது அவங்க தொழில் தர்மம்."

ஆணையத்துக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, எழுத்தில் அனுமதி வர மதியம் ஆயிற்று. சென்னையிலிருந்து வேறு ஆளை வரவழைக்க நேரமில்லை. "நான் செய்யறேன்" என்றாள் சுகிர்தா. அட்டை எழுதுகிறவள்தான், ஆனால் இருபத்திரண்டு வருடம் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

குச்சியில் பஞ்சைச் சுற்றி, வடிநீரில் நனைத்து, பிழிந்து, ஓடையின் மேல் முனையில் வைத்து உருட்டினாள். தேய்க்கவில்லை, உருட்ட மட்டும் செய்தாள். பஞ்சு வெளிர்நீலமாயிற்று. அதை வைத்துவிட்டு அடுத்த குச்சி. முதல் வளைவு போயிற்று. இரண்டாவது வளைவில் நிறம் கொஞ்சம் அடர்த்தி. அங்கே அவர் பிரஷ்ஷை மறுபடி தோய்த்திருக்க வேண்டும். அந்த வளைவைக் கழுவ அவளுக்கு நேரம் எடுத்தது. தண்ணீர் தானாக இறங்குவதுபோல அவ்வளவு லாவகமாக வளைத்திருந்தார். மண்ணுக்குள் போன ஆளின் கடைசி வேலை என்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த அரை விரல் நீளக் கோடு. ஒன்பது குச்சிகளில் அது தீர்ந்தது.

"பஞ்சை நான் ஒரு குப்பியில போட்டு உங்ககிட்ட தரட்டுமா, அக்கா?" என்றாள் ரிஸ்வானா. அதுவரை மேடம் என்றே அழைத்தவள்.

சுகிர்தா குச்சிகளைப் பார்த்தாள். "சாட்சிப் பொருள். எண் போட்டு ஆணையத்துக்கு அனுப்பணும்" என்றாள். எண் போட்டாள். கையெழுத்து கோணாமல் வந்தது.

ஈரம் உலர்ந்ததும் கருவி மறுபடி ஊர்ந்தது. திரையில் சரிவு பச்சையாக வந்தது. ஓடை இருந்த இடத்தில் வெறுமை. பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை.

"ஒண்ணுமே இல்லை அக்கா." ரிஸ்வானா திரையை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். "அந்த இடத்துல யாரும் பிரஷ்ஷே வைக்கலை. ஓடையே இல்லை."

சுகிர்தா திரையைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவிய இடம் வெள்ளையாக, லேசாகச் சொரசொரவென்று இருந்தது. மேசை விளக்கை அணைத்தாள். கைவிளக்கை எடுத்து, காகிதத்தோடு காகிதமாகப் படுக்க வைத்து, பக்கவாட்டில் ஒளியை ஓடவிட்டாள்.

"ரிஸ்வானா, இங்கே வந்து குனிஞ்சு பாருங்க. வெள்ளிப்பூச்சி எப்படி மேயும் தெரியுமா? ஓரம் ஒழுங்கா இருக்காது. குழி குழியா, மேகம் மாதிரி, போன போக்குல நக்கிட்டுப் போகும். இது எப்படி இருக்கு?"

"கோடு கோடா இருக்கு. எல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சு."

"கத்தி."

ரிஸ்வானா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அந்தக் காலத்துல வெள்ளைச் சாயம் பூசமாட்டாங்க. அருவி நுரை, அலை, ஓடையில வெயில் படுற இடம், இதெல்லாம் வேணும்னா பேனாக்கத்தியால பூச்சைச் சுரண்டி, அடியில இருக்கிற காகித வெள்ளையை வெளியே எடுப்பாங்க. கடல் படத்துக்கெல்லாம் நானே எத்தனை அட்டை எழுதியிருக்கேன்." சுகிர்தா விளக்கை இன்னும் தாழ்த்தினாள். "இந்தப் படம் இருந்த கட்டுல மத்த பத்துப் படத்தையும் பூச்சி தின்னிருந்துச்சு. பத்தைச் சரி பண்ணிட்டுப் பதினொண்ணாவதுக்கு வந்தவர் கண்ணுக்கு இதுவும் பூச்சியாத்தான் தெரிஞ்சிருக்கும். ஓடைன்னு கண்டுபிடிச்சார். வெள்ளையா இருக்கிறதுதான் ஓடைன்னு கண்டுபிடிக்கலை."

தண்ணீரே இல்லாமல் வரைந்த ஓடை. தண்ணீரை மட்டும் படிக்கிற கருவிக்கு அது எப்படித் தெரியும்?

"ஆனா கீறினது எங்கே வச்சு? அதையும் ஊர்ல போய்க் கீறினான்னு வக்கீல் சொன்னா?" என்ற ரிஸ்வானா, பதிலுக்குக் காத்திராமல் கருவியைத் தாழ்த்தினாள். ஒவ்வொரு கீறலின் கரையையும் தனித்தனியாக, நூறு மடங்கு பெரிதாக. ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். கீறல்களின் இரு கரையிலும் பச்சை, மயிரிழை மயிரிழையாக உள்ளே இறங்கியிருந்தது.

"காஞ்ச பூச்சைக் கீறினா கரை வெட்டினாப்பல நிக்கும் அக்கா. இது பாதி ஈரத்துல கீறினது. சரிவுக்குப் போட்ட தண்ணி காயறதுக்குள்ள கத்தியை வச்சிருக்கான். கீறின நாருக்குள்ள அந்தத் தண்ணியே ஊறி, சரிவோட சேர்ந்து காஞ்சிருக்கு. உங்க வீட்டுக்காரர் விட்ட தண்ணியா இருந்தா எச்சில் இருக்கும், இதுல இல்லை. அங்கேயே உட்கார்ந்து, அந்தக் கால் மணி நேரத்துக்குள்ள. வேற எங்கேயும் வச்சு இதைச் செய்ய முடியாது."

சுகிர்தா தலையசைத்தாள். கைவிளக்கை அணைக்க மறந்து வைத்திருந்தாள்.

*

அமர்வில் அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கம்பெனி வக்கீல் கீறலைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. வேறு பக்கம் வந்தார்.

"உங்க கணவர் ஒரு ஆவணத்தைத் திருத்தியிருக்கார். சரிதானே?"

"திருத்தலை. பழுதுன்னு நினைச்சு நிரப்பினார். நினைச்சது தப்பு."

"தப்பு பண்ணினார்."

"ஆமா."

"நிரப்பும்போது அது ஓடைன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்க வீடு இருந்த இடத்துலதான் அந்த ஓடைன்னும் தெரியுமா?"

"தெரியும். எனக்கும் சொன்னார்."

"எப்போ?"

"மூணு நாள் முன்னாடி."

வக்கீலே கொஞ்சம் தயங்கினார். "சொன்னதும் நீங்க ரெண்டு பேரும் என்ன செஞ்சீங்க?"

"சிரிச்சோம்" என்றாள் சுகிர்தா.

மூன்றாவது வரிசையில் மூக்கையா உட்கார்ந்திருந்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் அவர் எழுந்து வெளியே போனது தெரிந்தது.

அமர்வு முடிந்து அவள் வெளியே வந்தபோது வாசலில், செருப்பு மாட்டும் இடத்தில், அவர் நின்றிருந்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"தெரிஞ்சது அண்ணே. புரியலை."

"ஒரு வார்த்தை எங்ககிட்டயும் சொல்லியிருக்கலாம். சிரிக்கிறதுக்காகவாவது."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அன்றிலிருந்து முகாமில் அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவள் வந்தால் பேச்சு குறைந்தது, அவ்வளவுதான். அவளும் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

உத்தரவு இரண்டு மாதத்தில் வந்தது. தவிட்டுமேட்டுச் சரிவில் இயற்கையான நீரோட்டம் இருந்தது. தேயிலைக்காக அது மூடப்பட்டது. அந்தச் சரிவில் எங்கேயும் இனிக் குடியிருப்பு கூடாது. கீழ்த்தட்டில் தோண்டிய வாணத்தை மூடினார்கள். எதிர் மலையில், பாறைத் தளத்தில், நாற்பத்தொரு வீடுகள் எழுந்தன. தீர்ப்பின் பதினேழாம் பத்தியில் ஞானப்பிரகாசத்தின் பெயர் ஒருமுறை வந்தது. 'செப்பனிடுபவரின் பிழை' என்ற சொற்களுக்குப் பக்கத்தில்.

புது வீடுகளுக்குக் குடிபோன மாதம், ஒரு புதன்கிழமை முற்பகல், மூக்கையா காப்பகத்துக்கு வந்தார். உள்ளே வருவதற்கு முன் கால்களை மிதியடியில் நாலைந்து தடவை துடைத்தார்.

"படத்தைப் பார்க்கலாமா, ஆபீசம்மா?"

அவள் பெட்டியைத் திறந்து, மேல்தாளை விலக்கி, மேசையில் வைத்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க வீடு எந்தப் பக்கம்?"

அவள் பென்சிலின் மொட்டை முனையால், காகிதத்தைத் தொடாமல், காட்டினாள். வெள்ளைக் கோட்டுக்கு இடது பக்கம்.

"உங்களுது?"

பென்சில் அரை அங்குலம் நகர்ந்து, கோட்டின் மேலேயே நின்றது.

மூக்கையா நிமிர்ந்தார். "ஊரே கோர்ட்டுல நின்னுச்சே, செவுரு மாதிரி பெருசா இருக்கும்னு நினைச்சிருந்தேன். இம்புட்டுதானா?"

"இவ்வளவுதான் அண்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். குடிபோனதற்கு வீட்டில் பொங்கல் வைப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் பார்க்கலாம் என்றும் சுவரைப் பார்த்துச் சொன்னார். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவள் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டார்.

அவள் படத்தை உடனே உள்ளே வைக்கவில்லை. ஓடை நீலமாக இருந்தபோது எழுதிய பழைய விவர அட்டையை எடுத்து, புதியது ஒன்றை அருகில் வைத்துக்கொண்டாள். மாற்ற வேண்டியது நிறைய இருந்தது. 'நீல ஓடை' என்பதை அடித்துவிட்டு 'கத்தியால் கீறி எடுத்த ஓடை' என்று எழுதினாள். மரமும் எருமைகளும் மனிதனும் பின்னர் சேர்க்கப்பட்டவை என்று எழுதினாள். வெள்ளிப்பூச்சிச் சேதம் என்பதை அடித்தாள். ஞா. ஞானப்பிரகாசம் செய்த நிரப்பல் நீக்கப்பட்டது என்று எழுதி, தேதி போட்டு, நீக்கியவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். இப்படியே ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசி வரிக்கு வந்தாள். அது பழைய அட்டையில் இருந்தபடியே சரியாக இருந்தது. பார்த்து எழுதினாள்.

உயரம் பத்து அங்குலம், அகலம் பதினான்கு அங்குலம்.